மண் தின்றுவிடும் என்றேன்

என் வாய் சும்மா இருந்திருந்தால், எங்கள் தோட்டத்தில் களை எடுக்கிற அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்திருக்க மாட்டார்.

துடியலூர் தாண்டி அண்ணனுக்கு வாழைத் தோட்டம். போன வருடம், கிழங்கைக் குடையும் வண்டுக்குப் போட்ட குருணை மருந்து வேலை செய்யவில்லை. கலப்படம் என்று கடைக்காரரோடு சண்டைக்கே போய்விட்டார் அண்ணன். நான் வேலை பார்ப்பது மண் பரிசோதிக்கிற லேபில். பெரிய மேதாவியாட்டம் ஒரு பை மண்ணையும் மிச்சமிருந்த மருந்தையும் எடுத்துப்போய்ப் பார்த்தேன். மருந்தில் குறையே இல்லை. வருடா வருடம் அதே குருணையைப் போட்டதில், மண்ணிலிருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்றே பெருகியிருந்தன. வண்டு வருவதற்குள் மருந்து காலி.

"ஒரே மருந்தப் போட்டுப் போட்டு, நம்ம மண்ணுல இருக்கற கிருமி அதைத் திங்கப் பழகிருச்சுங்ண்ணா. கொஞ்ச வருசம் அதைப் போடாம விடுங்க" என்றேன்.

"அப்ப மண்ணுல விஷம் தங்காதுங்கறே?"

"இந்தக் குருணை தங்காதுங்ண்ணா. புது மருந்துன்னா அந்தக் கிருமிக்குத் திங்கத் தெரியாதுங்க."

பாதியைத்தான் காதில் வாங்கினார். தனக்கு வேண்டிய பாதியை.

இந்த வருடம் வேறு மருந்து வாங்கி இரண்டு மடங்காக ஊற்றினார். சில நாள் யாரும் இறங்கக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. இவர் மறுநாளே அக்காவைக் களைக்கு வரச் சொல்லிவிட்டார். அக்கா வரப்பிலேயே தயங்கி நின்றாராம்.

"ஏனுங்க, நேத்துத்தானுங்களே மருந்து ஊத்துனீங்க?"

"எந்தங்கச்சி லேப்புல பாத்துச் சொல்லிப்போட்டா. நம்ம மண்ணே தின்னுபோடும். எறங்கு, எறங்கு."

சொன்னவர் செருப்புக் காலோடு வரப்பில் நின்றுகொண்டார். வெறுங்காலோடு இறங்கியவர் மத்தியானம் வாந்தி எடுத்து விழுந்தார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊருக்குச் சொல்லிவிட்டார் அண்ணன். நல்ல மனுசன்!

அடுத்த நாள் காலையில் கணபதியில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அக்காவின் முகத்தைப் பார்க்கவே கூசியது. அவர் என்னைத் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"மிச்சக் களைக்கு எம் மருமகள எறக்கியிருக்காங்க அம்மணி. இன்னைக்குள்ள மண்ணு தின்னு முடிச்சிருக்குமுங்களா?"

வராந்தாவுக்கு ஓடி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அந்தப் புள்ளைய மொதல்ல மேல ஏறச் சொல்லுங்ண்ணா!" என்று கத்தினேன்.

"ஏன் அம்மணி? நீதான சொன்னே?" என்றார்.