கேம்ப் கிணற்றுப் புகார்

அன்று கிணற்றடியில் இருந்தவர்கள்: ஏட்டய்யா, மணியக்காரர், வெறுங்குடத்தோடு செல்லாயி, வைக்கோல் வண்டியோடு நான்.

சண்டைக் காலம். மோகனூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கிணற்றை ஒட்டிப் பட்டாளத்துக் கேம்ப் போட்டிருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் ஒரு சிப்பாய் செல்லாயியைக் கையைப் பிடித்து இழுத்திருந்தான்.

ஏட்டய்யா ஒல்லி. மீசை மட்டும் பெரிய உத்தியோகம் பார்க்கும். பேசும்முன் பென்சிலை நாக்கில் தொடுவார். பெண்ணைத் தொட்ட சிப்பாய்க்குத் தண்டனை உண்டு என்று அவர் பையில் சர்க்கார் காகிதம் இருந்தது. காகிதத்துக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொண்டார்.

“அவன் நெம்பரு என்னம்மா?”

“இழுக்கறவன் நெம்பரச் சொல்லிப்போட்டுத்தான் இழுப்பானுங்களா, சாமி?”

“நெம்பரு இல்லாம சட்டம் யாரைப் புடிக்கும்? கேம்ப் காலியாகற வரைக்கும் பொம்பளைங்க கெணத்துக்கு வராதீங்க.”

“அதுதானுங்க நல்ல சட்டம்” என்றார் மணியக்காரர்.

“தண்ணிக்குப் பதிலா சட்டத்தக் குடிக்கறதுங்களா?” செல்லாயி குடத்தை இறக்கினாள். “அவன் கட்டைவிரல நல்லாக் கடிச்சு உட்டிருக்கறனுங்க. அதையே நெம்பரா எழுதிக்குங்க.”

மணியக்காரர் சிரித்தார். ஏட்டய்யா எழுதிக்கொண்டார்.

மறுநாள் வைக்கோல் இறக்கக் கேம்புக்குப் போனேன். சோற்று அண்டா பக்கத்தில் ஏட்டய்யா நின்றார். தட்டு நீட்டுகிறவன் கட்டைவிரலை மறைக்க முடியாதே. ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவரைக் கோழை என்பதா, கெட்டிக்காரர் என்பதா, இன்னும் எனக்குத் தெரியவில்லை.

செல்லாயி கடித்தது ஒருவனை. அவளைத் தவிர ஊரில் யாரும் புகார் சொல்லவில்லை. பல் தடம் இருந்த கட்டைவிரல்கள் ஐந்து.