சீட்டில் நாலாவது மாத்திரை

ஒரு நாள் காலையில் பல் பிரஷைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. அப்படித்தான் தொடங்கியது. தென்காசியிலிருந்து திருவனந்தபுரம் வந்து பதினாறு வருடமாக டைல்ஸ் பதிக்கிறேன். கை மடங்காதவனை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்?

கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் வீட்டிலேயே நோயாளி பார்க்கும் டாக்டர், முடக்குவாதம் (உடலே தன் மூட்டுகளைத் தாக்கும் நோய்) என்றார். ஐந்து மருந்து எழுதினார். காய்ச்சலுக்குப் போனாலும் அவர் ஐந்துதான் எழுதுவார். எங்கள் ஆட்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. எல்லாவற்றிலும் இரண்டு நாளைக்கு வாங்கி, எது கேட்கிறது என்று பார்த்து, அதை மட்டும் தொடர்வோம். மிச்சமெல்லாம் மருந்துக் கம்பெனிக்காக எழுதியது என்பது எங்கள் தீர்ப்பு.

நாலாவது மாத்திரை உடனே கேட்டது. மலிவும் அதுதான். ஸ்டீராய்டு (வீக்கத்தை வேகமாக அடக்கும் மருந்து). பத்து நாளைக்கு எழுதியதை, கசங்கிய அதே சீட்டைக் காட்டி எட்டு மாதம் விழுங்கினேன். நோய்க்கான உண்மையான மருந்து, சீட்டில் விலை கூடிய முதலாவது. அது வேலை செய்ய மாதக்கணக்காகுமாம். நான் கொடுத்தது இரண்டு நாள்.

முகம் பூசணிக்காயாக ஊதியது. தூக்கம் போய்க் கோபம் வந்தது. கலவை தண்ணியாகிவிட்டது என்று கூட்டாளி மீது செங்கல்லை எறிந்தேன். அவன் காதோரம் சுவரில் பட்டுச் சிதறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. சட்டியைச் சுவரில் அடித்தேன். என் மனைவி பாக்கியம் குறுக்கே வந்தாள்.

"ஏங்க, ஒங்களுக்குப் பிராந்தா, பைத்தியமா பிடிச்சிருக்கு? விடுங்க!"

அவள் வலது கையைப் பிடித்து முறுக்கினேன். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. கேட்ட பிறகும் ஒரு கணம் விடவில்லை. இதை மறைத்தால் மற்றதை எழுதி என்ன பயன்?

வெட்கத்தில் மாத்திரைகளை ஓடையில் கொட்டினேன். மூன்றாம் நாள் வாந்தியெடுத்து, குளியலறையில் நினைவிழந்து விழுந்தேன். மாவுக்கட்டுக் கையோடு பாக்கியம்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"எட்டு மாசம் மாத்திரை தின்னிட்டு ஒரே நாள்ல நிறுத்தியோ? செத்துப்போயிருப்பீங்களே!" என்றார் அங்கிருந்த மலையாளிப் பெண் டாக்டர், பாதித் தமிழில். ஸ்டீராய்டு வெளியிலிருந்து கிடைப்பதால் உடல் அதைத் தானே சுரப்பதை நிறுத்திவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று விளக்கினார்.

"அந்த மாத்திரையாலதான் இவ கைய ஒடிச்சேனா, டாக்டரே?"

"மருந்து தேஷ்யம், கோபம் கூட்டும். பக்ஷே, அவங்க கைய முறுக்கின கை ஒங்களோடதல்லே?"

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு: எதை விடலாம், எதற்கு மலிவானது உண்டு என்று டாக்டரிடமே கேளுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அந்தப் பழைய டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் தலை நிமிராமல் சீட்டில் இரண்டு மருந்தைக் கோடு போட்டு அடித்துவிட்டார். அவ்வளவு சுலபம். முதல் நாளே கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது எனக்குக் கிழமை கிடையாது. அரை மாத்திரை நாட்கள் முடிந்து, கால் மாத்திரை நாட்கள் நடக்கின்றன. பாக்கியம்தான் பிளேடால் நறுக்கித் தருகிறாள், இடது கையால். வலது மணிக்கட்டு முழுதாகத் திரும்புவதில்லை.

நேற்றுக் குழம்பில் உப்புக் குறைவு. உப்பு ஜாடியை எடுக்கக் கை நீட்டினேன். அவள் தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.