ஒரே எண்ணில் இரண்டு கார்கள்

என் கணவரின் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் என் அண்ணனின் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் சேஸிஸ் எண் ஒன்றுதான் என்ற செய்தி வாட்ஸப்பில் எனக்குத்தான் முதலில் வந்தது. அப்போது நான் எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங் பகுதியில், மறுநாள் கப்பலுக்குப் போக வேண்டிய டீ ஷர்ட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். அனுப்பியவர் பழைய கார் ஆர்வலர்களின் கிளப்பில் பதிவேட்டைக் கவனிக்கும் பெரியவர். கார் என் பெயரில் இருப்பதால் எனக்கு அனுப்பியிருந்தார். கல்யாண நாள் பரிசு என்று சொல்லி என் பெயரில் பதிந்த என் கணவர், ஓட்டுவதற்கு ஒரு நாள்கூட என்னிடம் சாவியைக் கொடுத்ததில்லை.

இங்கிலாந்தில் செய்த, இரண்டே பேர் உட்காரக்கூடிய கரும்பச்சை வண்டி அது. அந்த மாடலில் நம் நாட்டுக்கு வந்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். அண்ணன் சேவூர்த் தோட்டத்தில் பல வருடங்களாகத் தார்ப்பாய்க்குள் எதையோ செய்துகொண்டிருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். அதுவும் அதே மாடல் என்பது தெரியாது. அவர் இப்போது அதைக் கிளப்பில் பதிவு செய்ய மனுப் போட்டிருந்தார். அதில் அவர் எழுதியிருந்தது எங்கள் காரின் எண்.

பெரியவர் அனுப்பியிருந்த அந்த மனுவின் படத்தைக் கணவரிடம் காட்டினேன். பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

"உங்கண்ணன் பொய் நம்பர அடிச்சு வெச்சிருக்காரு. எம் மானத்த வாங்கறதுக்குன்னே பண்றாரு."

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அம்மிணி, நீ இதுல தலையிடாத. ஒரிஜினல் எங்கிட்ட இருக்கறதுதான். மாப்ளகிட்ட இருக்கறது வெறும் மேல்தோலு."

இதில் பழைய கசப்பு ஒன்று உண்டு. பொங்கலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் அந்தக் காரை முதலில் கண்டுபிடித்தவர் அண்ணன். மாப்பிள்ளையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். மரத்தில் மோதி முன்பக்கம் நசுங்கிக் கிடந்ததாம். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வந்துவிட்டார். சில மாதம் கழித்து ஒரு புரோக்கர் அதே காரைச் சரிசெய்து எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். என் கணவர் வாங்கிவிட்டார். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணனும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்துபோன கதை என்று நான் நினைத்திருந்தேன்.

இது நடந்தபோது எங்கள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாய்மாமன் மாலை போட்டு மேடைக்கு அழைத்துவராமல் எங்கள் வீடுகளில் கல்யாணம் இல்லை. பத்திரிகை அச்சுக்குப் போகும் நேரத்தில் மச்சானும் மாப்பிள்ளையும் ஒரு இரும்புத் துண்டுக்காகப் பேசாமல் இருந்தார்கள். மகள் மட்டும் என்னிடம் கேட்டாள், "மாமன் வருவாங்களாம்மா?" வருவார் என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிடலாம் என்று பதிவேட்டுப் பெரியவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கம்பெனி வளாகத்தில் ஏற்பாடு. அண்ணனின் வண்டி லாரியில் வந்து இறங்கியது. அதுவும் கரும்பச்சை. பெயின்ட் கடையில் எங்கள் காரின் போட்டோவைக் காட்டி அடித்தது போல அதே பச்சை. என் கணவர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். இருவரும் "வாங்க" என்றுகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

பெரியவர் கோவையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் காரின் முன் சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, டார்ச்சோடு கீழே குனிந்து, அடிச்சட்டமான சேஸிஸில் அடித்திருந்த எண்ணைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து என்னிடம் வந்தார்.

"நம்பரு சரியாத்தான் இருக்குதுங்கம்மா. ஆனா சுத்தியும் பெயின்ட் ரொம்ப கெட்டியா இருக்குது. கொஞ்சம் எடுத்துப் பாக்கோணும். ஓனரு நீங்க. நீங்க சரின்னாத்தான் கை வெப்பேன்."

"எதுக்குங்க சொரண்டறது?" என்று என் கணவர் இடையில் வந்தார். "ஆர்சி இருக்குது, இன்சூரன்ஸ் இருக்குது. அது போதாதுங்களா?"

குரலில் கோபம்தான் இருந்தது. ஆனால் அவர் கை காரின் கதவைப் பிடித்திருந்த விதம் எனக்குப் புதிது. ஆஸ்பத்திரியில் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் போல நின்றார். அவருக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் லாரியில் சாய்ந்தபடி என்னையே பார்த்தார். வேண்டாம் என்று சொன்னால் புருஷன் பக்கம், சரி என்றால் அண்ணன் பக்கம். அப்படித்தான் இரண்டு பேரும் எடுத்துக்கொள்வார்கள். எனக்கோ எது உண்மை என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. தெரியாமலே இவர்கள் இன்னும் இருபது வருடம் முறைத்துக்கொள்வதை என்னால் தாங்க முடியாது.

"எடுத்துப் பாருங்க" என்றேன்.

என் கணவர் கதவிலிருந்து கையை எடுத்தார்.

பெயின்ட் ரிமூவர் பட்டதும் பச்சை நுரைத்துக்கொண்டு எழுந்தது. பெரியவர் துணியால் துடைக்கத் துடைக்க இரும்பு வெளியே வந்தது. எண்ணைச் சுற்றி நான்கு பக்கமும், தைத்த பாக்கெட்டின் விளிம்பு போல, வெல்டிங் கோடு ஓடியது. வேறு ஒரு சேஸிஸிலிருந்து எண் இருந்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்து இதில் ஒட்டியிருந்தார்கள்.

அண்ணன் சிரித்தார். சின்னச் சிரிப்புதான். அதைக் கேட்டு என் கணவர் அங்கிருந்த நூல் பெட்டி மீது உட்கார்ந்துவிட்டார். அண்ணன் அப்படிச் சிரித்ததை இன்றுவரை என்னால் முழுதாக மன்னிக்க முடியவில்லை.

"இப்ப உங்களுதுங்க" என்றார் பெரியவர் அண்ணனிடம்.

"என்னுதுல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

"பாத்துட்டாத் தெரிஞ்சுருமுங்க."

அண்ணனின் சிரிப்பு நின்றது. ஆனால் மறுக்கவில்லை. அதே இடம், அதே மருந்து, அதே நுரை. அண்ணன் வண்டியின் எண்ணுக்குக் கீழேயும் ஒரு ஒட்டு இருந்தது. ஓட்டையை அடைக்கப் புதுத் தகடு வைத்து, அதன் மேல் எண்ணை அடித்திருந்தார்கள். எழுத்துகள் வேறு மாதிரி இருந்தன.

நான் உள்ளே போய் கட்டிங் மேஜையிலிருந்து பேட்டர்ன் பேப்பர் ஒரு தாள் கிழித்து வந்தேன். அண்ணன் வண்டியில் அந்த ஒட்டின் மீது வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். அதன் மேல்மூலை ஒன்று சாய்வாக, அவசரத்தில் வெட்டியது போல இருந்தது. தாளை எடுத்துப்போய் எங்கள் காரின் வெல்டிங் கோட்டின் மேல் வைத்தேன். சாய்ந்த மூலையோடு பொருந்தியது. எங்கள் காரில் ஒட்டியிருந்த துண்டு அண்ணன் வண்டியின் சேஸிஸிலிருந்து வெட்டியதுதான்.

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"புரோக்கரோட பட்டறையில எடைக்குப் போடறதுக்கு வெச்சிருந்தாங்க அம்மிணி. வளைஞ்ச சேஸிஸு, நம்பரு இருக்கற எடத்துல ஓட்டை. பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. எடுத்துட்டு வந்து நிமுத்தினேன். நம்பர நாந்தான் அடிச்சேன். அது அதோட நம்பருதான? நான் கண்டுபுடிச்ச வண்டியோட எலும்பு அது."

"ஒரு வார்த்தை எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமுங்ண்ணா."

"மாப்ள எங்கிட்டச் சொன்னாராக்கும்?"

பெரியவர் தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னார். இரண்டு காரையும் பதிவேட்டில் வைக்க முடியாது. வெட்டிய துண்டு அதன் சொந்த சேஸிஸுக்குத் திரும்பினால் அந்த வண்டியைச் சேர்ப்பார்கள். எங்கள் காரின் விவரத்தை ஆர்டிஓ அலுவலகத்திலும் சொல்லிவிட வேண்டும், அதுவரை ரோட்டில் எடுக்கக் கூடாது.

"அப்பறமென்ன, அந்தத் துண்ட வெட்டிக் குடுத்துரு அம்மிணி" என்றார் அண்ணன்.

என் கணவர் எழுந்துவிட்டார். "கட்டர எடுத்துட்டு எவனாச்சும் கிட்ட வரட்டும், பாக்கலாம்!"

நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். "வெட்டறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்ண்ணா" என்றேன். கணவரிடம் திரும்பி, "இதுதான் ஒரிஜினல்னு நீங்களும் இனி ஒரு பக்கமும் சொல்லக் கூடாதுங்க" என்றேன்.

அண்ணன் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். காபி எடுத்து வந்திருந்தேன், தொடவில்லை.

அடுத்த வாரமே ஆர்டிஓவில் எழுதிக் கொடுத்தோம். கிளப் பட்டியலிலிருந்து எங்கள் கார் போனது. அண்ணனின் மனுவும் தள்ளுபடியானது. கல்யாணப் பத்திரிகையோடு நான் சேவூர் போனபோது அண்ணி வாங்கிக்கொண்டார். அண்ணன் தோட்டத்திலிருந்து வரவில்லை.

முகூர்த்தத்தன்று காலை மண்டப வாசலில் நான் நின்ற நிலையை யாரிடமும் சொன்னதில்லை. வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டுக்கொண்டே தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாய்மாமனை அழையுங்கள் என்று மேடையிலிருந்து குரல் வந்தபோது, அண்ணன் சீர்த்தட்டோடு பக்கவாட்டு வாசல் வழியாக உள்ளே வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. மகளுக்கு மாலை போட்டார். அவள் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போகையில் மட்டும் அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

தாலி கட்டி முடிந்ததும் ஆளைக் காணோம். சாப்பிடாமல் கிளம்பிவிட்டார் என்று அண்ணி சொன்னார். பதறிக்கொண்டு வெளியே ஓடினேன். வண்டி நிறுத்துமிடத்தில் அண்ணன் தான் தினமும் ஓட்டும் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். எதிரே என் கணவர் நின்றார். நான் தூணுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

"அன்னிக்கு உங்களக் கேட்டுட்டு வாங்கியிருக்கோணுமுங்க மச்சான்" என்றார் என் கணவர்.

அண்ணன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"சேஸிஸ் துருப்புடிக்காம இருக்குதுங்களா?"

"எண்ணெய் தேச்சு வெச்சிருக்கறேன்." அண்ணன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "அந்தத் துண்டுங்க?" என்றார்.

"அப்படியேதான் இருக்குது."

"ரெண்டையும் ஒண்ணாக்கினா எங்கீங்க நிறுத்தறது? எங்க தோட்டத்துலயா, உங்க ஊட்டுலயா?"

என் கணவர், "அதப் பேச ஆரம்பிச்சா மறுபடியும் சண்டதான் வரும். மொதல்ல சாப்பிட வாங்க, பந்தி போட்டாச்சு" என்று சொல்லி, திறந்திருந்த கார்க் கதவை அவரே சாத்தினார்.

அண்ணன் வந்து சாப்பிட்டார். மறுசோறு கேட்டு வாங்கினார். ஆனால் கார்கள் இரண்டும் இன்றுவரை தனித்தனியாகத்தான் நிற்கின்றன. எங்கே நிறுத்துவது என்ற பேச்சு மாதம் ஒருமுறை தொடங்கி, குரல் உயர்ந்து, நான் உள்ளே வந்ததும் நின்றுவிடுகிறது.