குருநாதன் சிமெண்ட் என்று சொன்ன பெயிண்ட்

ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடும் வேபிரிட்ஜில் குருநாதன் கிளார்க். பதினெட்டு வருசச் சர்வீஸ். அதில் அவர் கற்றுக்கொண்டது ஒரே ஒரு விஷயம்: உலகத்தில் எதன்மேல் எது படிந்தாலும் அது சிமெண்ட். ஜன்னல் கம்பி, டீக்கடை பெஞ்சு, அடுத்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகை என்று எதைக் கண்டாலும் ஆள்காட்டி விரலால் ஒரு தடவு தடவுவார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு, "சிமெண்ட்டு" என்பார். எந்தப் புகைபோக்கியிலிருந்து வந்தது என்றுகூடச் சொல்வார், யாரும் கேட்காவிட்டாலும். அந்த ஊரில் பாதி நேரம் அது உண்மையாகவே சிமெண்ட்டாக இருந்து தொலைத்ததால் அவர் பெயர் கெடாமலே இருந்தது.

அவரிடம் ஒரு கறுப்பு யமஹா இருந்தது. "அவரிடம் இருந்தது" என்பது சரி. "அவருடையது" என்பது பொய். வண்டி அவர் மனைவி பரிமளாவின் தம்பி முத்துவேலுடையது. தொண்ணூற்றாறில் முத்துவேல் சிங்கப்பூருக்கு, கப்பல் பட்டறை வேலைக்குப் போனபோது சாவியை மாமா கையில் கொடுத்துவிட்டுப் போனான். போவதற்கு ஒரு மாதம் முன்புதான் திருச்சியில் செருப்பு தைக்கிறவரிடம் சொல்லி, ரெக்சினைக் கழற்றிவிட்டு, அசல் தோலில் பழுப்பு நிற சீட் தைத்துப் போட்டிருந்தான். அதில் அவனே பத்து நாள்தான் உட்கார்ந்தான். மீதி இரண்டு வருசமும் குருநாதன் உட்கார்ந்தார். வேபிரிட்ஜில் ஆட்கள், "சார் வண்டி சூப்பர் சார்" என்றால் அவர் தலையை லேசாக ஆட்டுவார். தலையை ஆட்டுவது பொய்யில் சேராது என்பது அவர் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமைதோறும் எஸ்.டி.டி. பூத்துக்கு முத்துவேலின் போன் வரும்.

"வண்டி நல்லாருக்கா மாமா?"

"சாமி மாதிரி வச்சிருக்கேன் மாப்ள."

பேச்சு அவ்வளவுதான். போனைப் பரிமளாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து சாமியின் மேல் சாய்ந்துகொள்வார்.

தொண்ணூற்றெட்டு சித்திரை வெயிலில் ஒரு நாள் அரியலூர் தாலுகா ஆபீசுக்குப் போனார். வண்டிக்கு நிழல் வேண்டுமே என்று, டிப்பர் லாரிக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறையின் தகரக் கொட்டகை ஓரம் நிறுத்தினார். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது டேங்க், சீட், கண்ணாடி எல்லாம் சாம்பல் பூத்திருந்தது. தடவினார். உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது.

முகத்தில் துண்டு கட்டியிருந்த ஒருவன் கையில் ஸ்பிரே கன்னோடு ஓடிவந்தான். பெயிண்டர் சின்னதுரை.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. டிப்பருக்கு பிரைமர் அடிச்சிட்டிருந்தேன், காத்து இந்தப் பக்கம் திரும்பிருச்சு. ஈரம் காயல. இருங்க, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சு விட்டுர்றேன்."

குருநாதன் சிரித்தார். "தம்பி, இது சிமெண்ட்டு."

"இல்லைங்க சார், நான்தாங்க அடிச்சேன்."

"நீ அடிச்சது அங்க இருக்கு. இது சிமெண்ட்டு. பதினெட்டு வருசமா இதுலதான் கெடக்கேன், எனக்கு நீ சொல்றியா?"

குற்றவாளியே வந்து ஒப்புக்கொண்டும் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். சின்னதுரை கையிலிருந்த கன்னையும் போகிற வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கே கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கும்.

சிமெண்ட்டில் தண்ணீர் பட்டால் இறுகிவிடும் என்பது குருநாதனுக்குத் தெரிந்த விஞ்ஞானம். அதனால் ஒன்பது நாள் வண்டியின்மேல் சொட்டுத் தண்ணீர் படவிடவில்லை. வெயில் மட்டும் பட்டது. பெயிண்ட் அமோகமாகக் காய்ந்தது. பத்தாம் நாள், புளிப்புக்குச் சிமெண்ட் கரைந்துவிடும் என்று, அரைக் கிலோ புளியைக் கரைத்து ஊற்றினார். சாம்பல் அசையவில்லை. தோல் சீட்டில் திட்டுத் திட்டாகக் கறை விழுந்தது. எறும்பு வந்தது. தெருப் பிள்ளைகள் வண்டிக்கு ரசம் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் முத்துவேல், "அடுத்த வாரம் லீவுல வரேன் மாமா, ஸ்டேஷனுக்கு வண்டிய எடுத்துட்டு வந்துருங்க" என்றான்.

வீட்டுக்கு வந்த குருநாதன் பரிமளாவிடம், "சிமெண்ட்டுன்னு சொல்லிரலாம். அவனுக்கு என்ன தெரியப்போவுது" என்றார்.

பரிமளா முறத்தைக் கீழே வைத்தாள். "அவனுக்கு அங்க வேலையே கப்பலுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிக்கிறதுதாங்க."

"கப்பல்ல வேலைன்னுதான சொன்னான்?"

"கப்பல்ல என்ன வேலைன்னு நீங்க என்னைக்குக் கேட்டீங்க? உங்களுக்கு வண்டி, அவனுக்கு வண்டி. மனுசன் ரெண்டு பேரும் போன்ல பேசிக்கிட்டதே இல்ல."

 மறுநாள் குருநாதன் யாருக்கும் தெரியாமல், பெயிண்ட்டைக் கரைக்கும் தின்னர் ஒரு பாட்டில் வாங்கி வந்தார். துணியில் நனைத்துப் பக்கவாட்டு மூடியில் நாலு இழுப்பு இழுத்தார். சாம்பல் போயிற்று. அடியிலிருந்த கறுப்பும் கூடவே போயிற்று. உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தகரம் பல்லைக் காட்டியது. அடுத்து சீட்டுக்குத் துணியைக் கொண்டுபோனபோது பரிமளா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தோலு உரிஞ்சிரும். பொங்கலுக்குக் கதவுக்குப் பெயிண்ட் அடிச்சப்ப என் கையில ஒட்டுனத எத வச்சு எடுத்தேன்? தேங்காயெண்ணெய். கொண்டாங்க."

எண்ணெயைச் சீட் முழுக்கத் தடவி ஒரு மணி நேரம் ஊறவிட்டாள். பிறகு நகத்தால், ஒவ்வொரு புள்ளியாக, தோல் கீறாமல் நெம்பி எடுத்தாள். குருநாதனும் எதிரே உட்கார்ந்து நெம்பினார். அவள் பத்துப் புள்ளி எடுப்பதற்குள் அவர் ஒன்று எடுத்தார், அந்த ஒன்றையும் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் ஆராய்ந்தார்.

"என்னங்க அது?" என்றாள் பரிமளா.

"பாத்துட்டிருக்கேன்."

சீட் தேறியது. டேங்க் தேறவில்லை. வேறு வழியில்லாமல் சனிக்கிழமை காலையில் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, ஒரு சந்தேகம். இந்த சிமெண்ட்டு மேல லேசா பெயிண்ட்டும் பட்டிருக்குமோ?"

சின்னதுரை துண்டுக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. ஆனால் மரியாதைப்பட்டவன். "பட்டிருக்கலாங்க சார். சிமெண்ட்டோட சேந்து வந்திருக்கும்."

சோப்புத் தண்ணீரால் தூசியைக் கழுவினான். பழைய பனியன் துணியில் ரப்பிங் காம்பவுண்ட் என்ற மெருகுப் பசையைத் தொட்டு, கையகலம் கையகலமாக, அழுத்தாமல் தேய்த்தான். நடுநடுவே கழுவிப் பார்த்தான். "அவசரப்பட்டா அடிப்பெயிண்ட் போயிரும் சார்" என்று சொல்லிவிட்டு, தகரம் தெரிந்த இடத்தைப் பார்த்து, "போயிருக்கு" என்று முடித்தான். அங்கே மட்டும் கறுப்பு அடித்துக் கொடுத்தான். சாயங்காலம் வண்டியில் முகம் தெரிந்தது. குருநாதனின் முகம்தான், சற்று வாடியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அரியலூர் ஸ்டேஷனில் முத்துவேல் இறங்கினான். சாமான் தூக்கக் குருநாதன் கூட்டிவந்த வேபிரிட்ஜ் ஆட்கள் இருவர் பெட்டிகளோடு நின்றார்கள். அவன் வண்டியைச் சுற்றி வந்தான். புதுக் கறுப்பைப் பார்த்தான். டேங்கின் அடியில் கைவிட்டான். சின்னதுரையின் துணி போகாத மூலை அது.

"மாமா, இது என்ன?"

வேபிரிட்ஜ் ஆள் ஒருவன் முந்திக்கொண்டான். "சார் வண்டியில அது சிமெண்ட்டுங்க. எங்க ஊருல எல்லாமே அப்பிடித்தான்."

தப்பிக்க வழி தானாக வந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றது. தலையை ஆட்டினால் போதும். குருநாதனின் கழுத்து பாதி அசைந்துவிட்டது. அதை நிறுத்திக்கொண்டார்.

"பிரைமர், மாப்ள" என்றார். "பெயிண்டரு அப்பவே சொன்னான். நான்தான் சிமெண்ட்டுன்னு சாதிச்சேன். உன் வண்டியக் கெடுத்துட்டேன்."

'உன் வண்டி' என்றதும் வேபிரிட்ஜ் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை லாரிகளுக்கு முன்னால் இந்தச் செய்திதான் மேடையேறும் என்று குருநாதனுக்குத் தெரியும்.

முத்துவேல் குனிந்து சீட்டை முகர்ந்தான். "தேங்காயெண்ணெய் வாசனை வருது."

"உங்கக்காதான். ஒவ்வொரு புள்ளியா எடுத்தா."

"ஒவ்வொண்ணாவா?"  அவன் முழுக்கைச் சட்டையைச் சுருட்டினான். முழங்கையிலிருந்து மேலே சாம்பல் புள்ளிகள். காது மடலுக்குப் பின்னாலும் இருந்தன. "வியாழக்கிழமை வரைக்கும் வேலை மாமா. கப்பலுக்குள்ள டேங்க்ல எறங்கி அடிக்கணும். தேய்ச்சுக் குளிச்சும் போவ மாட்டேங்குது. அக்கா பாத்தா அழும்னுதான் முழுக்கை."

குருநாதன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "உள்ளயா? காத்து வருமாடா?"

"டியூப் குடுப்பாங்க மாமா."

"சாப்பாடு?"

முத்துவேல் வண்டியை ஓட்ட, ரெட்டிபாளையம் போய்ச் சேரும் வரை குருநாதன் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தார். வீட்டில் பரிமளா தம்பியின் கையைப் பார்த்துவிட்டு அழவில்லை, திட்டினாள். அவள் திட்டி முடிப்பதற்குள் குருநாதன் உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து, இந்த முறை தானே முதலில் உட்கார்ந்தார்.