படைச்சதா, படைக்காததா?

போன வாரம் மலாக்காவின் சிம்பாங் அம்பாட் கோயில் திருவிழாவில் சர்க்கரைப் பொங்கலை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் கொடுத்தார்கள். திறந்ததும் நெய் வாசனை. கூடவே என் வாயில் ஒரு கேள்வி வந்துவிட்டது: "படைச்சதா, படைக்காததா?" கொடுத்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

கேள்வி என்னுடையதல்ல, தேவசகாயம் ஐயாவுடையது. தொண்ணூறுகளில், டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் கிராணி. அவர் அங்கிருந்த சின்னத் தேவாலயத்தின் போதகர். கிரேக்கமும் எபிரேயமும் கற்றவர். வேதத்தில் ஒரு காற்புள்ளிகூடத் தவறில்லை என்பார். மூலத்தில் காற்புள்ளியே கிடையாது என்பதையும் அவரேதான் சொன்னார். மனைவி இறந்தபின் அவருக்குப் போடத் தெரிந்தது கோப்பி மட்டும்.

வேதத்திலுள்ள பவுலின் நிருபத்துக்கு அவர் எழுதிய விளக்கவுரையை மாலைகளில் நான் தட்டச்சு செய்தேன். எனக்கு வரி கோணக்கூடாது, அவருக்கு வேதம் கோணக்கூடாது, நல்ல ஜோடி. உரையோ, விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்ற இடத்தில் வந்து படுத்துக்கொண்டது. விக்கிரகம் வெறும் கல், அதனால் சாப்பாட்டில் தோஷமில்லை என்று ஒரு பக்கம். விசுவாசத்தில் பலவீனமான சகோதரன் பார்த்தால் இடறி விழுவான், அதனால் கூடாது என்று பல பக்கம். படைத்தது என்று தெரிந்தால் பட்டினி கிடப்பாரே தவிர, தொடமாட்டார்.

ஐயாவின் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுப்பவர். கிரேக்கம் தெரியாததால் சிக்கலை உடனே தீர்த்துவிட்டார். மாரியம்மன் திருவிழாவில் பொங்கல் இறக்கியதும், படைப்பதற்கு முன்பே ஐயாவுக்கு ஒரு தூக்கு நிறையப் போய்விடும். விக்கிரகங்களை எதிர்த்தே வாழ்ந்தவர், இப்படியாக, வருடாவருடம் அம்மனை முந்திக்கொண்டு சாப்பிட்டார்.

கோயில் தலைவருக்கு ஒருநாள் விஷயம் தெரிந்தது. "ஆத்தா என்ன ரெண்டாம் பந்தியா?" என்று கேட்டார். முன்பங்கு நின்றது.

அடுத்த திருவிழாவுக்குள் தோட்டம் விற்பனையாகி, விசுவாசிகள் ஃபேக்டரி வேலை தேடி மலாக்கா டவுனுக்குப் போய்விட்டார்கள். ஞாயிறு ஆராதனைக்கு ஐயாவும் பெஞ்சுகளும்தான். திருவிழாவன்று அவர் கோப்பியோடு இருந்தார். நான் தட்டச்சுப்பொறியோடு இருந்தேன். அக்கா தூக்கோடு வாசலில் நின்றார்.

"ஐயா, இது படைச்சதுதான். உங்ககிட்ட பொய் சொல்ல மனசு வரல லா. வேணாம்னா எடுத்துட்டுப் போயிடறேன்."

ஐயா தேவாலயப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் விபூதி பூசியவன், கணக்கில் வரமாட்டேன்.

"இடறி விழுறதுக்கு இனி யாரும்மா இருக்கா? குடு."

சாப்பிட்டு முடித்து, தூக்கைக் கழுவிக் கொடுத்தார். விளக்கவுரை அதற்குமேல் ஒரு வரி நகரவில்லை.

இப்போது தொழிலாளர் லயம் இருந்த இடத்தில் வீடமைப்புத் தாமான். கோயிலும் தேவாலயமும் ஒருவழியாக ஒற்றுமையாகி, ஒன்றாகவே இடிபட்டன. டப்பா எல்லார் கைக்கும் வருகிறது; யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒருவருக்கென்று முதலில் எடுத்துவைக்க, அவர் எதைச் சாப்பிடமாட்டார் என்று தெரிந்திருக்க வேண்டுமே.