பாதி உப்புப் போத்தல்கள்

வசந்தியின் ஆய்வைக் கெடுத்தவன் நான். பாதி உப்பில் வளர்ந்த அவளுடைய வாழைக்கன்றுகள் பட்டினியால் மஞ்சளாகவில்லை. நான் ஊற்றிய கிணற்றுத் தண்ணீரால் மஞ்சளாகின. இதை முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, போர்க்காலம். யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் நான் உதவியாளன். அங்கே போத்தல்களுக்குள் வாழை வளர்த்தோம். மண் இல்லை. சீனியும் கனிம உப்புகளும் கலந்த கூழில் சின்னக் குருத்துத் துண்டொன்றை வைத்தால் அது கன்றாகும். ஆனால் அந்த உப்புகளில் சில வெடிமருந்துக்கு உதவும் என்று குடாநாட்டுக்குள் வரவிடாமல் அரசாங்கம் தடுத்திருந்தது. எங்கள் அலுமாரியில் இருந்தது கடைசி மிச்சம்.

உப்பைப் பாதியாகக் குறைத்தாலும் கன்று சீனியைப் பயன்படுத்தி வளருமா, இலையில் பச்சையம் கட்டுமா? இதுதான் ஆராய்ச்சி மாணவி வசந்தியின் கேள்வி. கட்டுமானால் அந்த மிச்சத்தில் இரண்டு மடங்கு கன்றுகள் எடுக்கலாம். அவளுக்குப் பட்டமும் கிடைக்கும். மாதக்கணக்காகச் சோறு தண்ணீரை மறந்து அதோடு கிடந்தாள்.

கூழுக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். எங்கள் கிணறுகளில் சுண்ணாம்பு அதிகம். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். மின்சாரம் இல்லாததால் மண்ணெண்ணெய் அடுப்பில்தான் வடிப்பேன். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த முழு உப்புப் போத்தல்களுக்கு ஒழுங்காக வடித்தேன். பாதி உப்புப் போத்தல்களுக்கு வடிக்க வைத்திருந்த மண்ணெண்ணெயை என் மோட்டார் சைக்கிளுக்கு எடுத்துக்கொண்டேன்.

எதற்கு? நெல்லியடிக்குப் பெண் பார்க்கப் போவதற்கு! நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்தால் பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் காலம் அது. சைக்கிளில் வேர்த்து விறுவிறுத்துப் போய் இறங்க எனக்கு வெட்கம். பசியில்லை, நோயில்லை... வெறும் வெட்கம்.

பாதி உப்புப் போத்தல்களுக்குக் கிணற்றுத் தண்ணீர் போனது. கிருமி போக அவித்து எடுத்தபோது கூழ் கலங்கிக் கிடந்தது. கண்டும் காணாதவன்போல் அடுக்கி வைத்தேன்.

சில கிழமைகளில் இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக, இடையெல்லாம் மஞ்சளாக வந்தது. சுண்ணாம்பு மிஞ்சினால் கன்றுக்கு இரும்பு எட்டாது; வெளிறிப்போகும். வசந்தி கெட்டிக்காரி. நேரே என்னிடம் வந்தாள்.

“அண்ணை, இரும்பு கிடைக்காத மாதிரிக் கிடக்கு. ரெண்டுக்கும் வடிச்ச தண்ணிதானே விட்டனீங்கள்?”

“ஓம் பிள்ளை. ரெண்டுக்கும் ஒண்டுதான்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம்... இன்னொரு முறை செய்து பார்க்க அலுமாரியில் உப்பு இருந்தது. ஆனால் சொன்னால் என் வேலை போகும். பேச்சு முற்றாகியிருந்த கலியாணமும் குழம்பும். என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். நான் எவ்வளவு கேவலமானவன் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

அவளுடைய பேராசிரியர் போத்தல்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“பாதி உப்பிலை கன்று உருப்படாது. இதை விட்டிட்டு வேறை அலுவலைப் பாரும்.”

மிச்ச உப்பு வேறொருவருக்குப் போனது. ‘கனிமம் போதாது’ என்று ஆய்வுக் குறிப்பேட்டில் வசந்தி தன் கையாலேயே எழுதினாள். கன்றுகளைத் தானே குழியில் கொட்டினாள். அடுத்த மாதம் ஆராய்ச்சியை விட்டுவிட்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கப் போய்விட்டாள்.

எனக்குக் கலியாணமான பிறகு ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஏன் படிப்பை விட்டாய் என்று என் மனைவி கேட்டாள்.

“என்ரை யோசனை பிழைச்சுப் போச்சுது அக்கா. அண்ணை ஒரு குறையும் விடாமல்தான் செய்து தந்தவர்.”

என் மனைவி பெருமையோடு என்னைப் பார்த்தாள். நான் தேத்தண்ணீரைக் குடித்தேன். என்ன நெஞ்சு எனக்கு!

தொண்ணூற்றைந்தில் எல்லோரும் இடம்பெயர்ந்தோம். அதற்குப் பிறகு வசந்தியை நான் காணவில்லை. உயிரோடு எங்கேனும் இருந்தால், தன் யோசனைதான் பிழை என்று அவள் இன்னும் நம்பிக்கொண்டிருப்பாள்.