லக்கோட்டா அறையில் என் மச்சான்

மியூசியக் காவலாளிக்கு இரண்டு வேலை: நிற்பது, "தொடாதீர்கள்" என்று சொல்வது. கடையிலும் குசினியிலும் நின்றே பிழைக்கும் உங்களுக்கு முதலாவதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இரண்டாவதால் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

வாசலில் சப்பாத்து

அமெரிக்காவின் பழங்குடிகளான லக்கோட்டா மக்களின் பொருள்கள் எங்கள் மியூசியத்துக்கு வந்திருந்தன. அறை இருட்டு, கழுகு இறகுகளால் கட்டிய தலையணி மேல் மட்டும் வெளிச்சம். நம் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் புடவைக்கடை வைத்திருக்கும் ராணி எட்டிப் பார்த்தார். உடனே கோயில் மாதிரி வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர்களும் அதுதான் இங்கே முறை என்று நினைத்துக் கழற்றினார்கள். அவர்களைத் திரும்பப் போட வைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. போகும்போது ராணி சொன்னார்: "உங்கடை மச்சானும் வாறாராம். மகளுக்குக் கலியாணமாம், கார்ட் தரத்தான். கண்டால் சுவர்ப் பக்கம் திரும்பி நிக்காதேங்கோ, அண்ணை."

ஒரே படம்

மச்சான் என் மனைவியின் தம்பி. லெ பிளாங்-மெனிலில் இருக்கிறான். மகள் பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டுக்கு வீடு வந்து அழைக்காமல் ரெலிபோனில் சொன்னான். அன்றோடு பேச்சை விட்டேன்.

அந்த அறையில் ஒரு காட்டெருமைத் தோல் இருக்கிறது. லக்கோட்டாக்காரர் வருசத்துக்கு ஒரு படம் அதில் கீறுவார்களாம். எதை நினைவில் வைப்பது என்று பெரியவர்கள் கூடி முடிவெடுப்பார்களாம். அம்மை வந்த வருசம், நட்சத்திரங்கள் விழுந்த வருசம். மறக்காத சனம் என்று எனக்குப் பிடித்துப்போனது. என்னோடு வேலை செய்யும் புதுச்சேரிக்காரர் ரொபேரிடம் இதைச் சொன்னேன். அவர் சொன்னார்: "உங்க கையில ஒரு தோல் கொடுத்தா, அண்ணே, வருஷா வருஷம் டெலிபோனைத்தான் வரைவீங்க."

பிரெஞ்சில் கதைத்தது

மச்சான் தனியாக வந்தான். நான் அசையவில்லை. அந்தத் தோலுக்கு முன்னால் கயிறு மட்டும்தான். என்னைப் பார்த்துக்கொண்டே அதைத் தொடக் கையை நீட்டினான். பேசாவிட்டால் வேலை போகும். பேசினால் மானம் போகும். முன்பின் தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோல் பிரெஞ்சில் சொன்னேன், தொட வேண்டாம், முசியூ என்று. பிரெஞ்சு, கதைத்த கணக்கில் வராது.

கையை எடுத்தவன் கலியாணக் கார்ட்டை நீட்டினான். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இங்கே எதுவும் வாங்குவதில்லை, முசியூ என்றேன், அதையும் பிரெஞ்சில். அவன் கார்ட்டைப் பைக்குள் வைத்தான். "சரி அத்தான், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடை உங்கடை வீட்டை வாறம். தேத்தண்ணியையும் பிரெஞ்சிலையே தாங்கோ."

சொன்னபடியே வீட்டுக்கு வந்தான், இந்த வருசத்துக்கு ரெலிபோனை விட்டு வேறு படம் கீற வேண்டியதாகிவிட்டது, ஆனால் பழைய படங்களை அழித்துவிடுவேன் என்று ஒருவரும் நினைக்க வேண்டாம்.